சிஸ்டரின் எடை

நேற்று பட்டுக்கூடுகளை மார்க்கெட்டுக்கு ஏற்றி அனுப்பியாயிற்று. புழு வளர்க்கிற மனையைப் பிளீச்சிங் தண்ணீர் விட்டுக் கழுவி, இரும்பு அடுக்குகளைச் சுவரோரம் தள்ளிவிட்டோம். நடுவில் வெறும் தரை. அடுத்த இளம்புழு வரும்வரை பத்துப் பன்னிரண்டு நாள் அது சும்மாதான் கிடக்கும். இன்று காலையில் அங்கே தார்ப்பாயை விரித்து மல்லாந்து படுத்தேன். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, ஒருக்களித்து, இடுப்பைப் பின்னால் இழுத்து இழுத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போனேன். மேலே ஆள் இல்லாமல் கீழே கிடந்து சண்டை பழகுவது பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரியும். ஆனால் என்ன செய்ய? எனக்கு அவள் எடை வேண்டும். எழுபத்திரண்டு கிலோவும் வேண்டும்.

அவள் எங்கள் மாடியில் ரெண்டு வருஷம் குடியிருந்த நர்ஸ். ஊர் பென்னாகரம் பக்கம். தருமபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. அதியமான்கோட்டையிலிருந்து பஸ்ஸில் போய் வருவாள். என்னைவிடச் சின்னவள். நான் சிஸ்டர் என்பேன், அவள் அக்கா என்பாள். நேரில் வாங்க போங்க என்று பேசினாலும் மனசுக்குள் எனக்கு அவள் அவள்தான்.

முன்பு பெங்களூரில் வேலை பார்த்தபோது பிரேசிலியன் ஜியு-ஜிட்சு கற்று, இடுப்பில் நீலப் பட்டை வரைக்கும் வாங்கியவள். அடி உதை இல்லாத சண்டை அது. எதிராளியைத் தரையில் சாய்த்து, கழுத்தையோ மூட்டையோ நெருக்கினால் அவர் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் காலேஜில் கபடி ஆடியவள் என்று கேள்விப்பட்டு ஒரு நாள் இறங்கி வந்தாள். "அக்கா, இங்க பிடிச்சுப் பழக ஒரு ஆளும் இல்லீங்க. வர்றீங்களா?"

ஐம்பத்தோரு கிலோ உடம்பை வைத்துக்கொண்டு, கபடி ஆடிய திமிரில் சரி என்றேன். திமிர் முதல் நாளே இறங்கிவிட்டது. நான் ரெய்டர். பிடிபட்ட ரெய்டர் என்ன செய்வாள்? குப்புற விழுந்து, பிடித்தவர்களையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்குக் கையை நீட்டுவாள். கோட்டைத் தொட்டால் பிழைத்தாள். பதினைந்து வருஷம் ஆகியும் உடம்பு அதை மறக்கவில்லை. சிஸ்டர் மேலே ஏறியதுமே நான் குப்புறத் திரும்பிக் கையை நீட்டுவேன். அவள் சாவகாசமாக என் முதுகில் படுத்து, கழுத்துக்குக் கீழே கையை விட்டு நெருக்குவாள். தார்ப்பாயைத் தட்டுவேன்.

"எங்கக்கா போறீங்க? இங்க கோடே கிடையாதுங்க. முதுகக் காட்டாம என்னப் பாருங்க."

அவளைப் பார்த்தபடி மல்லாந்து கிடக்கப் பழகவே எனக்கு நாலு மாசம் ஆயிற்று. கீழே இருப்பது தோற்றுப்போவது இல்லை என்பது அப்புறம்தான் மண்டையில் ஏறியது. தட்டையாகப் படுக்கக் கூடாது. ஒரு பக்கமாகச் சாய வேண்டும். அவள் இடுப்புக்கும் எனக்கும் நடுவில் முழங்காலை வைத்து இடம் பண்ணிக்கொள்ள வேண்டும். சட்டைக் கையைப் பிடித்து அவளை நிமிரவிடாமல் முன்னால் இழுக்க வேண்டும். அவள் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று உடம்பாலேயே கவனித்து, அந்தப் பக்கம் கையும் காலும் ஊன்ற முடியாமல் தடுத்துவிட்டால், மேலே இருப்பவள் கீழே வந்துவிடுவாள். அப்படிப் புரட்டுவதற்கு ஸ்வீப் என்று பெயர்.

என் வீட்டுக்காரர் ஒரு நாள் எட்டிப் பார்த்தார். நான் நசுங்கிக் கிடந்தேன். "கீழிருந்து சண்டை போட்டுட்டு இருக்கறேங்க" என்றேன். "ஆமாமா, குப்புற விழுந்தும் மீசையில மண்ணு ஒட்டலயாம்" என்றார். மல்லாக்கத்தான் விழுந்திருக்கிறேன், எனக்கு மீசையும் இல்லை என்று கத்தினேன். சிரித்த சிரிப்பில் சிஸ்டரின் பிடி நழுவிவிட்டது.

மனையில் புழு இருந்தால் பழக்கம் கிடையாது. ஒரு வளர்ப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் கிடைக்கிற அந்தச் சில நாள்தான் எங்களுக்கு. மற்ற நாளெல்லாம் மல்பெரி இலை போட்டுக்கொண்டே, "சீக்கிரம் தின்னுட்டுக் கூட்டக் கட்டித் தொலைங்களேன்" என்று புழுக்களைத் திட்டுவேன். மாடியில் அவள் ஜெர்மன் பாடம் படிக்கிற சத்தம் கேட்கும். பரீட்சை எழுதி, வெளிநாட்டு வேலைக்குப் போகத்தான் அவள் படித்தாள். அது எனக்கு ஆரம்பத்திலேயே தெரியும். போவதற்குள் ஒரே ஒரு தடவை அவளைப் புரட்டிவிட வேண்டும். ரெண்டு வருஷமாக எனக்கு இருந்த ஆசை அதுதான்.

விசா வந்த மாசம் மார்கழி. குளிரில் புழு சரியாகத் தின்னாமல் கூடு கட்டுவது ஐந்து நாள் தள்ளிப்போயிற்று. அவள் ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாள்; கூடு எடுத்து முடித்தது சனிக்கிழமை பொழுது சாய. மனையைக் கழுவக்கூட நேரமில்லை. ஞாயிறு காலை குப்பையைக் கூட்டித் தள்ளிவிட்டுத் தார்ப்பாயை விரித்தோம். பெட்டி இன்னும் கட்டவில்லை என்று அவள் போனில் பத்து நிமிஷத்துக்கு அலாரம் வைத்தாள்.

முதல் நிமிஷத்திலேயே அவளைப் புரட்டிவிட்டேன். மேலே உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் சந்தோஷம் வரவில்லை. விழுகிறவர் கை தானாகத் தரையைத் தேடும். அவள் கை தேடவே இல்லை.

"பிச்சை போடறீங்களா சிஸ்டர்?"

"இல்லக்கா, ஊருக்குப் போறனே, அதான்..."

"அதுக்கு மொய் வெக்கறீங்களா? ஒழுங்கா ஏறுங்க மேல."

எனக்குக் கோபத்தில் கண்ணீரே வந்துவிட்டது. அவள் ஏறினாள். இந்தத் தடவை எடை முழுசாக இறங்கியது. மூச்சு முட்டியது. என் காலைத் தாண்டப் பார்த்தாள். முழங்காலை நடுவில் நுழைத்துத் தடுத்தேன். கழுத்துக்கு வந்தாள், தாடையை இறக்கி, ஒருக்களித்து நகர்ந்தேன். யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அவள் மூச்சு என் காதில் இரைந்தது.

அப்போது அது வந்தது. அவள் வலது கைச் சட்டை என் பிடியில். என் ஒரு கால் அவள் வயிற்றுக்குக் குறுக்கே, இன்னொன்று அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் தரையோடு. நான் இழுத்த இழுப்புக்கு அவள் எடை முழுவதும் முன்னால் வந்து என்மேல் நின்றது. ரெண்டு காலையும் கத்தரிக்கோல் மாதிரி வெட்டினால் போதும், கவிழ்ந்துவிடுவாள். இந்தத் தடவை நிஜமாகவே. அவளுக்கும் தெரிந்துவிட்டது, உடம்பு இறுகியது.

நான் வெட்டவில்லை. புரட்டினால் எடை போய்விடும். பிடித்த பிடியை விடாமல் அப்படியே கிடந்தேன்.

அலாரம் அடித்தது.

"ஏன்க்கா புரட்டாம விட்டீங்க?" என்றாள், தலையைத் தூக்காமலே.

"கால் வழுக்கிடுச்சு."

அவளை ஏற்றிப்போகிற கார் வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தது. போனில் அலாரம் ஓய்ந்து, திரும்பவும் அடிக்க ஆரம்பித்தது. அவள் எழுந்திருக்கவில்லை.