கடைசி எண் ஒற்றைப்படை

நம் மலேசிய அடையாள அட்டையில், அதாவது ஐசியில், ஒரு சங்கதி உண்டு. அந்த நீளமான எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். என்னுடையது ஒற்றைப்படை. நான் பெண். கிளினிக்கிலோ வங்கியிலோ ஐசியை நீட்டும்போது என் கட்டைவிரல் தானாகவே அந்த இலக்கத்தின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். எண்ணை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுப் பார்த்தாயிற்று. பதிவு இலாகா கவுன்டரில் இருந்தவர் சிரித்ததுதான் மிச்சம்.

பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஓர் உயரமான கட்டடத்தில், வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் கிளையில் எனக்கு வேலை. மருத்துவக் காப்புறுதிக் கோரிக்கைகளைச் சரிபார்க்க வேண்டும். நேர்முகத்துக்குப் போன அன்று, அப்போதிருந்த மனிதவள அதிகாரி, ஒரு சீனப் பெண்மணி, என் ஐசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். "இங்கே உன்னை யாரும் எதுவும் கேட்க முடியாது. தலைமையகத்தின் கொள்கை அது" என்றார். பான்ட்ரிக்குப் பக்கத்தில் ஒற்றை அறைக் கழிவறை ஒன்று இருந்தது. அதன் கதவில் ஆண் படமும் இல்லை, பெண் படமும் இல்லை. யார் வேண்டுமானாலும் போகலாம். நானும் போய் வந்தேன். மனிதப் பிறவிக்கு வேண்டியது ஒரு கதவும் உள்ளே ஒரு தாழ்ப்பாளும்தான்.

பக்கத்து மேசையில் என் தோழி. ஒட்ட வெட்டிய முடி, முழுக்கைச் சட்டை, காலில் ஆண்கள் போடும் சப்பாத்து. ஆனால் பிறந்ததிலிருந்தே பெண், ஐசியும் அப்படித்தான் சொல்லும். ஜெலுத்தோங்கில் ஒரு பெண்ணோடு குடித்தனம் நடத்துகிறாள். ஆபீசுக்கு அந்தப் பெண் 'ரூம்மேட்'. எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. பினாங்கில் பாதி நாகரிகம் கேட்காமல் இருப்பதில்தான் இருக்கிறது. நான் அவளைக் கிண்டலாகத் 'தம்பி' என்பேன். அதில் அவளுக்கு ஏகப் பெருமை. என் ஐசி விஷயத்தை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அதை அவளும் சேர்ந்து சுமக்க வேண்டியிருக்கும்.

ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால், அந்த ஒற்றை அறைக்குள் அட்டைப்பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. சீனப் பெண்மணி சிங்கப்பூருக்கு மாறிப் போய்விட்டார். அவர் இடத்துக்குப் புதிதாக வந்த அதிகாரி நம் ஆள். நெற்றியில் திருநீறு, வாயில் எப்போதும் 'தங்கச்சி'. போய்க் கேட்டேன்.

"ஹெட் ஆபீஸ்லயே அந்தப் பாலிசிய எடுத்துட்டாங்க தங்கச்சி. நம்ம நாட்டுல அப்படி ஒரு சட்டமா இருக்கு, சொல்லு?" என்று சிரித்தார்.

இல்லைதான். ஒரு பெண்மணியின் வாய்வார்த்தைக்கு அடியில் இத்தனை காலம் குடியிருந்திருக்கிறேன். மழை வரும்வரை அது கூரையில்லை என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு தம்பியோடு பெண்கள் கழிவறைக்குப் போக ஆரம்பித்தேன். என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார்கள். லேடீஸ் டாய்லெட்டுக்குள் ஓர் ஆம்பளை போகிறான் என்று யாரோ மேலே புகார் கொடுத்திருக்கிறார்கள். கீழ்த்தளத்தில் காவலுக்கு இருக்கும் ஜாகா ஏறி வந்து, வாசலிலேயே அவளை மறித்தார். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன். அவளுக்கு மூக்கின் மேல் கோபம். ஐசியை உருவி அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"கடைசி நம்பரப் பாருங்கண்ணே! ரெண்டு! ரெண்டுன்னா என்ன, சொல்லுங்க!"

ஜாகா கூனிக்குறுகிப் போய்விட்டார். உள்ளேயிருந்து வந்த பெண்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு என் ஐசியைக் கைப்பையின் அடியில் தள்ளி வைத்தேன்.

அவள் அதோடு விடவில்லை. அதிகாரியிடம் போய்ச் சண்டை போட்டாள், ஜெயித்தாள். எல்லார் முன்னாலும் அவர் மன்னிப்புக் கேட்டார். கையோடு ஒரு தீர்வும் சொன்னார். இனி இரண்டு கழிவறைக் கதவுகளிலும் அட்டை தட்டும் கருவி இருக்கும். ஐசியில் உள்ளபடி எல்லாருடைய ஆபீஸ் கார்டும் பதிவாகும். தட்டினால் அவரவர் கதவு திறக்கும்.

"இனிமே யாரும் யாரையும் கேக்க வேணாம் பாருங்க. மடியில கனமில்லன்னா வழியில பயமில்ல" என்றார். அவர் பார்வை எல்லார் மேலும் ஓடி என் மேல் வந்து கொஞ்சம் தங்கியது. என் ஐசி நகல் அவருடைய கோப்பில்தான் இருக்கிறது.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். அது தெரியாமல் தம்பி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "ஜெயிச்சிட்டோம்க்கா!" அன்று எல்லாருக்கும் செண்டோல் வாங்கிக் கொடுத்தாள். என்னுடையது மேசையிலேயே ஐஸ் கரைந்து கிடந்தது.

கருவி வந்தது. நான் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் வெயிலில் நடந்து, தெருக்கோடியில் இருக்கும் பேரங்காடிக்குப் போய் வருவேன். மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் அதற்கும் வழியில்லை. அடிவயிறு வலிக்க வலிக்க, யாரோ ஒருவருடைய சிறுநீரக சிகிச்சைக் கோரிக்கையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்துத் தம்பி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கதவருகில் வந்ததும் சொன்னாள். "உங்க கார்டத் தட்டுங்கக்கா."

நான் கார்டை எடுக்கவில்லை. ஐசியை எடுத்துக் கட்டைவிரலை விலக்கிக் காட்டினேன்.

அவள் எண்ணைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். அந்த நேரத்தில் அதிகாரியைவிட, ஜாகாவைவிட, அவளுக்குத்தான் நான் அதிகம் பயந்தேன். அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் எனக்கு அந்த ஆபீசில் வேறு யாரும் இல்லை.

"நான்தானே கத்துனேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது. தன் கார்டை என் கையில் வைத்து அழுத்தினாள். "போங்கக்கா. சீக்கிரம்."

அன்றிலிருந்து அவள் கார்டு அவளுடைய கீபோர்டுக்கு அடியில் கிடக்கும். வேண்டும்போது எடுத்துக்கொண்டு போவேன். வயிறு நிறையத் தண்ணீர் குடித்தேன். உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் சந்தோஷமாகக்கூட இருந்தேன்.

பிறகு அதிகாரி அவளைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தாமலே பேசினார், எங்களுக்கெல்லாம் கேட்டது.

"நீங்க மேல மீட்டிங்ல இருந்தப்ப உங்க கார்டு மட்டும் டாய்லெட்டுக்குப் போயிருக்கே தங்கச்சி?"

"எங்கயோ மறந்து வச்சிட்டேன் சார்."

"அடடா. கவனமா வச்சுக்குங்க."

அவ்வளவுதான். யார் எடுத்தார்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்று சாயங்காலம் லிஃப்டில், இனி கார்டு வேண்டாம், உன் வேலையும் சேர்ந்து போகும் என்றேன்.

"போனா போகட்டும்லா" என்றாள். ஆனால் அவள் குரல் நடுங்கியது. அந்தக் குரல் நடுங்கி நான் கேட்டதே இல்லை.

மறுநாள் காலை நடைபாதையில் ஓர் ஏணி நின்றது. பெண்கள் கழிவறைக் கதவைப் பார்க்கும்படி ஒருவர் கேமரா மாட்டிக்கொண்டிருந்தார். நடைபாதைக் கோடியில் அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் கோப்போடு அந்தப் பக்கமாகப் போனேன். ஏணியில் இருந்தவர் மரியாதையாகக் கூப்பிட்டார்.

"அக்கா, ஒரு நிமிஷம். அந்தக் கதவுகிட்ட நில்லுங்களேன். முகம் தெளிவா விழுதான்னு பாக்கணும்."

அதிகாரி தலையசைத்தார். நான் போய் நின்றேன்.

"கொஞ்சம் நிமிருங்கக்கா" என்றார். நிமிர்ந்தேன்.

அவர் கையிலிருந்த போனில் பார்த்துவிட்டு, "நல்லாத் தெரியுது சார்" என்று அதிகாரியிடம் சொன்னார்.