செவலை பேரில் ஓர் அர்ச்சனை

நுவரெலியாவில் குதிரை பார்க்கிற வேலைக்கு வந்ததிலிருந்து ஏப்ரல் மாதம் என்றாலே எனக்கு எரிச்சல்தான். ஊரெல்லாம் பூப் பார்க்கவும் பந்தயம் பார்க்கவும் வந்து குவிகிற மாதம். மற்ற மாதங்களில் நான் இருக்கிறேனா செத்தேனா என்று கேட்காத சொந்தமெல்லாம் வெற்றிலை, வாழைப்பழத்தோடு லாயத்து வாசலில் வந்து நிற்கும். சுகம் விசாரிப்பதெல்லாம் ஒப்புக்கு. அடுத்த பேச்சு, எந்தக் குதிரை முதலாவதாக வரும் என்பதுதான்.

எனக்கென்ன ஜோசியமா தெரியும்? புல் வெட்டுகிறேன், கொள்ளு வைக்கிறேன், லத்தி அள்ளுகிறேன். சோறாக்குகிறவளைப் பிடித்து, பிள்ளை பரீட்சையில் பாஸாகுமா என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? தெரியாது என்றால் மறைக்கிறான் என்பார்கள். ஒருமுறை வாய் வலித்துப்போய், எந்தக் குதிரையும் வராது, எல்லாம் தூங்கும் என்று ஒருவரிடம் சொன்னேன். மனுஷன் அதிலும் ஓர் அர்த்தம் கண்டுபிடித்து, தூங்குகிற குதிரை எது என்று லாயம் முழுக்க எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அவர்கள் கைவசமே டிப்ஸ் ஏராளம். ஓடுவதற்கு முன்னால் லத்தி போட்ட குதிரை உடம்பு லேசாகி முந்தும், அதில் காசு கட்டு. காதை முன்னால் நிமிர்த்திய குதிரையில் கட்டு. கனவில் பாம்பு வந்தால் ஏழாம் நம்பரில் கட்டு. இந்த வித்தையில் என் அக்கா புருஷனை மிஞ்ச ஆள் கிடையாது. இறம்பொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அக்கா கொழுந்து எடுக்கிறாள், மச்சான் கவ்வாத்து வெட்டுகிறார். சம்பளம் கைக்கு வந்தால் டவுனுக்கு வந்து, புக்கி என்று நாங்கள் சொல்லும் பந்தயக் கடையில் பேப்பரை விரித்து உட்கார்ந்துவிடுவார்.

அந்த வருஷம் நான் பார்த்தது ஒரு செவலைப் பெண் குதிரை. பேப்பரில் அதற்கு நீளமான இங்கிலீஷ் பேர் உண்டு, எனக்கு அது செவலைதான். முந்தின சீசனில் முன்னங்கால் பிசகி, வாயில்லா ஜீவன் படாத பாடு பட்டது. ஒத்தடம் கொடுத்து, கட்டுப் போட்டு, கூடவே கிடந்து தேற்றினேன். இனி ஓடலாம் என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் பட்ட காலிலேயே படும் என்பார்களே? ஓட்டத்தில் கால் ஒடிந்த குதிரைக்கு வைத்தியம் பார்க்க மாட்டார்கள், ஊசி போட்டு முடித்துவிடுவார்கள். அதை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பந்தயத்தன்று காலையில் அம்மன் கோவிலுக்குப் போய் அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். யார் பேருக்கு என்று பூசாரி கேட்டார். குதிரைக்கு என்றேன். நல்ல மனுஷன், சிரிக்கவில்லை. நட்சத்திரம் கேட்டார். நான் முழிப்பதைப் பார்த்து, குதிரைக்கு அசுவினிதான் பொருத்தம் என்று அவரே முடிவு பண்ணினார். பேப்பரில் இருந்த முழுப் பேரையும் நான் சொல்லிக்கொடுக்க, கோவில் முழுக்கக் கேட்கிற மாதிரி கணீரென்று சொன்னார். நான் ஜெயிக்க வை என்று கேட்கவில்லை. நாலு காலோடு திரும்பி வரட்டும் தாயே என்றேன், அவ்வளவுதான்.

தூணுக்குப் பின்னால் மச்சான் நின்றிருக்கிறார்! வெளியே வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்ககிட்ட வாயத் தொறக்க மாட்ட, சாமிகிட்ட மட்டும் சொல்லுவியா மாப்ள?"

கால் சங்கதியைச் சொன்னேன். கட்டாதீங்க மச்சான், ஓடி முடித்தாலே பெரிசு என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். சொல்லச் சொல்ல அவருக்கு நம்பிக்கை ஏறியது. இவ்வளவு தடுக்கிறான் என்றால் வரப்போவது அதுதான் என்று எடுத்துக்கொண்டார். தோட்டத்து லயத்தில் அவர்கள் குடியிருக்கும் வீட்டுக் கூரையில் ஓட்டை விழுந்த தகரத்தை மழைக்கு முன்னால் மாற்ற அக்கா சேர்த்த காசு அவர் சட்டைப்பையில் இருந்தது. அதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

செவலை கடைசியாக வந்தது. வந்ததே, நொண்டாமல் வந்ததே! ஓடிப்போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தேன், அழுதேன். வேலிக்கு அந்தப் பக்கம் மச்சான் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். சொந்தக்காரனைக் கவிழ்த்துவிட்டுச் சிரிக்கிறான் என்று தோட்டம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

மழை பிடித்த பிறகு அக்கா வீட்டுக்குப் போனேன். மச்சான் முகம் கொடுக்கவில்லை. கட்டிலுக்கு மேலே கூரை ஒழுகியது. அக்கா சட்டியை இங்கும் அங்கும் நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் பொங்கியது. நானா டிப்ஸ் கொடுத்தேன், கட்டாதே என்றுதானே கத்தினேன், என் மேல் என்ன குத்தம் என்று சத்தம் போட்டேன். அக்கா சட்டித் தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு வந்தாள்.

"ஒன் மேல குத்தம் இல்ல தம்பி. போன வருசம் நானும் மலையில வழுக்கி விழுந்து, கால ஊன முடியாம கெடந்தேன். அது ஒனக்குத் தெரியும். குதிரைக்கு நட்சத்திரம் வச்சு அர்ச்சன பண்ணிட்ட. என் நட்சத்திரம் என்னன்னு சொல்லு பாப்போம்."

எனக்குத் தெரியவில்லை. மச்சானைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.