நாற்பத்தோராம் நம்பர் புளியமரம்

மரம் தூக்குகிறவனுக்கு வலது தோள் ஒரு விரக்கடை தாழ்ந்திருக்கும். எங்கள் வேலைக்கு அதுதான் சர்டிபிகேட். திருப்பரங்குன்றம் போகிற ரோட்டில், மரக்கடைகளுக்கும் அறுவை மில்லுக்கும் முப்பது வருசமாக லோடு ஏற்றி இறக்குகிறேன். எங்களைப்போல, யாராவது கூப்பிட்டால்தான் அடுப்பு எரியும் என்று காத்துக் கிடக்கிறவர்களுக்கு மற்றதை நான் விளக்க வேண்டியதில்லை.

முழுத் தேக்கு

வில்லாபுரத்தில் புதுவீடு கட்டுகிற ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் கடைக்கு வந்தார். நாங்கள் பத்துப் பேர் லாரியிலிருந்து அறுக்காத முழுத் தடி ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தோம். மழை பெய்யாததற்கும் வெயில் இப்படிக் கொளுத்துவதற்கும் காட்டை அழிக்கிற நாங்கள்தான் காரணம் என்று, தடி தரைக்கு வரும்வரை விளக்கினார். "சார், இது தூத்துக்குடிக்குக் கப்பல்ல வந்த மரம். நம்ம காடு இல்ல" என்றேன். "எந்த ஊருதா இருந்தா என்ன, காடு காடுதானப்பா" என்றார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

பிறகு முதலாளியிடம் போய்க் கதவு விசாரித்தார். ஒட்டுப்பலகையைக் காட்டியதும் முகம் சுருங்கிவிட்டது. "உள் ரூமுக்கெல்லாம் இது போதும். வாசக்கதவு மட்டும் முழுத் தேக்கா பாருங்க. சம்பந்தி வீட்டுக்காரங்க வருவாங்கள்ல?"

நம்பர் விழுந்தது

ரோட்டை அகலப்படுத்தப்போகிறார்கள் என்றதும் சந்தோசப்பட்டோம். ரோடு வந்தால் வீடு வரும், வீடு வந்தால் நிலை, சன்னல், கதவு. எல்லாம் எங்கள் தோளில்தான் ஏறணும். ஓரத்து மரங்களுக்கு வெள்ளைப் பெயிண்டில் நம்பர் போட்டு வெட்டினார்கள். நாங்கள் லாரியில் ஏற்றினோம். ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் எங்கள் புளியமரத்திலேயே 41.

எங்கள் மரம் என்றால், எங்கள் லோடுமேன் சங்கத்துக் கொடியும் போர்டும் இருக்கிற மரம். அந்த நிழலில் நிற்கிற ஆளுக்குத்தான் சுற்றியுள்ள கடைகளில் வேலை என்பது, சங்கம் போராடி வாங்கின ஏற்பாடு. நிற்க இடம் போனால் பதினாலு குடும்பத்துக்கும் வேலை போச்சு. கடைக்காரர்கள் தடி தூக்க மிஷின் விசாரித்துக்கொண்டிருந்த நேரம் வேறு. மரம் வெட்டுகிற காண்ட்ராக்டரிடம் போய், இது ஒண்ணை மட்டும் விட்டுருங்கண்ணே என்றோம். அவர் சிரித்தார்: "நாப்பது மரத்த ஏத்துறப்ப வலிக்கல, உங்க மரம்னதும் வலிக்குதாக்கும்?"

காவி நூல்

மறுநாள் ரோட்டு இன்ஜினியரம்மா வந்தார், சின்ன வயசு. கையெடுத்துக் கும்பிடத்தான் போனேன். அப்போதுதான் மரத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் புது ரோட்டுக்காக நட்டிருந்த எல்லைக்கல் கண்ணில் பட்டது. மில்லில் தடியை நேராக அறுக்க, காவியில் தோய்த்த நூலை ரெண்டு முனையிலும் இழுத்துப் பிடித்துச் சுண்டுவோம். சிவப்பாய்க் கோடு விழும். ஓடிப்போய் அந்த நூலை எடுத்துவந்து, கல்லுக்குக் கல் இழுத்துக் கட்டி, மண்ணில் சுண்டினேன். கோடு எங்கள் மரத்தைத் தொடவே இல்லை. ஒரு சாண் தள்ளி ரோட்டுப்பக்கமாகவே போய்விட்டது. வரிசையாகப் பெயிண்ட் அடித்து வந்தவன், கை ஓடின வேகத்தில் இதற்கும் போட்டிருக்கிறான்.

இன்ஜினியரம்மா குனிந்து பார்த்தார். டேப் வைத்தும் அளந்தார். நம்பரை அழிக்கச் சொல்லிவிட்டார். வேரில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"அந்த நூலக் கொஞ்சம் குடுங்கய்யா, வெட்டாம இருக்கிற மிச்ச மரத்தையும் பாத்துருவோம்" என்றார். சங்கச் செயலாளர் பாண்டி பதறிப்போய் என் காதுக்குள் குசுகுசுத்தான்: "அண்ணே, நூலச் சுருட்டுங்கண்ணே! எம்புட்டு மரம் தப்பிக்குதோ, அம்புட்டு லோடு நமக்குப் போச்சு!"

நூலைக் கொடுத்துவிட்டேன்; இன்னும் மூன்று மரம் தப்பித்து மூன்று லோடு போன வருத்தத்தை, பாண்டியோடு சேர்த்துப் பதினாலு பேரும் நாற்பத்தொன்றின் நிழலில் சாவகாசமாக உட்கார்ந்துதான் பட்டுக்கொண்டிருக்கிறோம்.