எந்த ஏர்போர்ட் என்று எழுதாமல் விட்டேன்

விமான நிறுவனத்தின் வலைப்பதிவைத் தமிழில் எழுதுகிறவளை, விமானம் நேரத்துக்குப் போகும்வரை யாரும் நினைப்பதில்லை. பாறசாலையில் எங்கள் வீட்டு மாடி அறைதான் என் அலுவலகம். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் உங்களுக்கு மற்ற பாடுகளைச் சொல்ல வேண்டியதில்லை.

தெருவுக்குத் தெரிந்த உத்தியோகம்

"பிளேன் கம்பெனியில வேலை" என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். பால் வாங்கப் போனாலும் டிக்கெட் விசாரணை. நாலு பேர் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காதான் எனக்காகப் பேசுவாள். அவள் கணவர் டேவிட் அண்ணனுக்கு மஸ்கட்டில் வேலை. நான் இதுவரை விமானத்தில் ஏறியதே இல்லை என்பதை அவளிடம் மட்டும் சொன்னேன்.

"சாரமில்ல மக்கா, அதுக்கென்ன, நானும் ஏறினதில்ல. ஏறிப்போன ஆளுக்குக் காத்திருக்கதும் ஒரு வேலையாக்கும்."

மீன்குழம்பு

கைப்பையில் திரவம் கூடாது என்று ஒரு பதிவு போட்டேன். தேங்காய் அரைத்த மீன்குழம்பை வற்றவைத்தால் அது திரவமா என்று காரோடு ஊரிலிருந்து ஒருவர் கேட்டார். விதிப்புத்தகத்தில் பதில் இல்லை. அம்மாவை வற்றவைக்கச் சொல்லி, சட்டியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். கடைசியில், எதற்கும் பெரிய பெட்டிக்குள் நன்றாகக் கட்டி வைத்துவிடுங்கள் என்று எழுதினேன். உடனே பதில் வந்தது.

"சரி மேடம், இறங்கின உடனே எனக்க பெட்டி எதுன்னு தேடவேண்டாம், மணமே சொல்லும்."

நாளைக் காலைப் பதிவு

அறிவிப்புகள் முந்தைய நாளே எனக்கு வந்துவிடும். வெளியாகும்வரை மூச்சு விடக்கூடாது. ஒரு புதன்கிழமை மதியம் வந்தது இது: மஸ்கட்டிலிருந்து திருவனந்தபுரம் வரும் சனிக்கிழமை விமானம் ரத்து, அடுத்தது திங்கள் மாலை. டேவிட் அண்ணன் வரவிருந்தது அந்தச் சனிக்கிழமை விமானத்தில். திங்கள் காலை சர்ச்சில் அவர் மகளுக்குக் கல்யாணம்.

ஜன்னலுக்கு வெளியே ஸ்டெல்லா அக்கா பந்தல்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால், மகளைக் கைப்பிடித்து அழைத்துப் போக அப்பா இருக்கமாட்டார்.

அன்றைய ஆன்லைன் கூட்டத்தில், எப்போதும் அணைத்தே வைத்திருக்கும் மைக்கைத் திறந்தேன். "சார், அரைநாள் முன்னாடி தெரிஞ்சாக்கூட பயணிங்க வேற டிக்கெட் தேடலாம். இப்பவே போட்டுடலாமா?" மேனேஜர் தன் மைக்கைத் திறந்தார்.

"ரெண்டு வருஷத்துல இன்னைக்குத்தான் உங்க குரலைக் கேக்கறேன். போடுங்க."

வேன்

வெள்ளிக்கிழமை மாற்று விமானம் உண்டு என்பதையும் அந்தப் பதிவில் சேர்த்திருந்தேன். டேவிட் அண்ணன் வாசித்த கையோடு அதில் இடம் பிடித்துவிட்டார். "வெள்ளிக்கிழமை வாறேன்" என்றார் வீட்டில். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊருக்கு ஏர்போர்ட் என்றால் திருவனந்தபுரம்தான். வளைகுடாவிலிருந்து ஆள் வந்தால் வேன் பிடித்துப் போய்த்தான் அழைத்து வருவோம். அன்றும் பதினான்கு பேர் கிளம்பினார்கள்.

மாலையில் எங்கள் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. பெட்டியும் கையுமாக டேவிட் அண்ணன்! அந்த விமானம் கொச்சிக்கு. அங்கிருந்து ரயிலேறி வந்திருக்கிறார். மஸ்கட் சிம் இங்கே எடுக்கவில்லை, வீடோ பூட்டியிருந்தது. பதிவில் கொச்சி என்ற மூன்றெழுத்தை நான் விட்டிருந்தது அப்போதுதான் உறைத்தது.

நாற்காலி போட்டுவிட்டு அக்காவை அழைத்தேன். ஆளைக் காணவில்லையே என்று அங்கே பெரிய கலவரம். அண்ணன் ஃபோனை வாங்கி, "நான் வீட்டுல உண்டு" என்றார். மறுமுனையில் அக்கா அழுதாள், பிறகு சிரித்தாள்.

"நாங்க வாறதுவரை அங்கேயே இரிங்க. காத்திருக்கதுன்னா என்னன்னு நீங்களும் ஒருக்கா அறியணுமாக்கும்!"

இப்போதெல்லாம் எந்த ஊர் ஏர்போர்ட் என்பதை முதல் வரியிலேயே தடித்த எழுத்தில் போட்டுவிடுகிறேன் என்றாலும், அதை வாசிப்பதற்கு முன்பே வேன் பேசிவிடுகிறவர்களை நான் என்னதான் செய்ய!