பெட்டியில் இருந்த எழுத்து

ரிமோட்டில் பறக்கும் விமானம் ஒன்று வாங்குவதற்காக இரண்டு மாதம் இணையத்தில் வாசித்தேன். வெள்ளவத்தைக் கடையில் ஒரு சிவப்புப் போர்விமானத்தைக் கண்டதும் வாசித்ததெல்லாம் மறந்துபோனது.

“தங்கச்சி, தம்பிக்கா வாங்குறீங்க?” என்று கடைக்கார நானா கேட்டார்.

“எனக்குத்தான்.”

“முன்ன விட்டிருக்கீங்களா?”

“இல்ல.”

“அப்ப அது வாணாம். முதல் நாளே தலைகீழாப் போய்க் குத்தும். இத எடுங்க, கைய விட்டாலும் தானா நேராகும்.”

அவர் காட்டியது உடலுக்கு மேலே இறக்கை வைத்த, வெள்ளை நுரைப் பயிற்சி விமானம். அவர் சொன்னது சரி. நான் வாசித்ததும் அதுதான். ஆனால் அதன் பெட்டியில் ‘தொடக்கநிலையினருக்கு’ என்று பெரிய ஆங்கில எழுத்தில் போட்டிருந்தது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான், பட்டம் வாங்கியவளும் நான். அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு கொட்டாஞ்சேனை வீட்டுக்குப் போக எனக்கு விருப்பமில்லை. கடைசியில் அதையே வாங்கி, பஸ்ஸில் எழுத்து என் பக்கம் இருக்கும்படி பிடித்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. வீட்டுக்கு வரும் கடிதங்களை எல்லாம் நான்தான் வாசித்துச் சொல்வேன்.

“இவ்வளவு பெருசா என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டார்.

வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாசித்துச் சொன்னதை அவர் ஒருநாளும் சந்தேகித்ததில்லை.

“புதுசாப் பழகுற ஆக்களுக்காம்.”

“நீ புதுசுதானே?” என்றார் அம்மா. பெட்டியை அலுமாரியின் மேல், என் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில், எழுத்து வெளியே தெரியும்படி வைத்தார்.