மாமி மறந்துவிட்டுப் போன குடை

ஐசியூவிலிருந்து அத்தா வீட்டுக்கு வந்தபோது, நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவரை நடக்கவிடாமல் பார்த்துக்கொண்டோம். அதற்குப் பாசம் என்று பெயர். தண்ணீர் வாய்க்கே போனது, தட்டு மடிக்கே போனது. கொச்சி மட்டாஞ்சேரி கடையில் மிளகு மூட்டையைத் தனியாகப் புரட்டுகிற மனிதர், கட்டிலில் புரண்டு படுக்க அம்மாவைக் கூப்பிட்டார். நலம் விசாரிக்க வந்தவர்கள் ஆப்பிளையும் ஹார்லிக்ஸையும் வைத்துவிட்டு, எழுந்திருக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பிசியோதெரபி செய்யவந்த சேச்சி மட்டும் வேறு மாதிரி சொன்னார். நுரையீரல் தேறிவிட்டது, இனி கால்தான் தேற வேண்டும். எழுவதும் உட்காருவதும் வாசல்வரை நடப்பதும்தான் மருந்து, படுத்தே கிடந்தால் இருக்கிற பலமும் போய்விடும் என்றார். அவர் இருக்கும்வரை அத்தா செய்வார். சேச்சி கிளம்பச் செருப்பைப் போட்டதும் அத்தா படுத்துவிடுவார். மிச்சம் நாளைக்கு என்பார். அந்த நாளை வரவே இல்லை. இனிக் கடைக்கே போகமாட்டாரோ என்று அம்மா அடுக்களையில் நின்று அழுதாள். எனக்கும் பயமாக இருந்தது.

அப்போதுதான் சுள்ளிக்கல்லிலிருந்து மாமி தினமும் வரத் தொடங்கினார். அத்தாவின் மூத்த அக்கா, அவரைத் தூக்கி வளர்த்தவர். மாமி நிற்கும்போது அத்தா உட்காரமாட்டார். கிளம்பினால் வாசல்வரை போய் வழியனுப்பாமல் இருக்கமாட்டார். எங்கள் குடும்பத்தில் அந்த மரியாதைக்கு விலக்கே கிடையாது, காய்ச்சலுக்கும் கிடையாது.

ஆனால் மாமி ஓரிடத்தில் உட்காரவில்லை. ஜன்னலைச் சாத்த எழுந்தார், திறக்க எழுந்தார், சாயா டம்ளரை வைக்க எழுந்தார். ஒவ்வொரு முறையும் அத்தா கட்டிலைப் பிடித்து எழுந்தார். ஒருவழியாக மாமியை அனுப்பிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து உட்காருவார். உடனே மறுபடி மாமியின் குரல் கேட்கும்.

“கொடைய மறந்துட்டேனல்லோ தம்பி.”

மறுநாள் கண்ணாடியை மறந்தார், அதற்கு மறுநாள் ஓதும்போது உருட்டுகிற தஸ்பீஹ் மணியை. பிறகு மறுபடியும் குடை. எங்கள் வீடு மாடியில். மாமிக்கோ முட்டுவலி. யா அல்லாஹ் என்று படிக்குப் படி நின்று ஏறுவார். எனக்கு மனசு பொறுக்கவில்லை. மாமியை நல்ல டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கும் மாமியை நினைத்து அழுகை வருகிறது என்று நினைத்தேன்.

ஒருநாள் சாயங்காலம் மாமி குடையை மறந்துவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை. அத்தா வாசலில் நின்றபடி கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு படி இறங்கத் தொடங்கினார். கைகொடுக்க ஓடிய என்னை அம்மா இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அத்தா கைப்பிடியைப் பற்றி, மூச்சு வாங்கி, ஒவ்வொரு படியாக இறங்கினார்.

கீழே கடைசிப் படியில் மாமி உட்கார்ந்திருந்தார், எங்கேயும் போகாமல்.

“கொடை, அக்கா.”

மாமி குடையைப் பார்க்கவில்லை. அத்தாவின் கால்களையே பார்த்தார். “இனி மறக்கமாட்டேன்டா” என்றவர், குடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். கம்பி வளைந்த ஒரு பழைய குடைக்கா இவ்வளவு அழுகை என்று எனக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகு மாமி எதையும் மறக்கவில்லை. எப்படியோ மாமிக்குக் குணமாகிவிட்டதே என்று எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.