பதினான்காம் எண்ணின் கூடை

எங்கள் கூடைப்பந்து லீக்கை மூடிவிடுவது என்று முடிவான வாரத்தில் அதன் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண்மணி. ஆக்லாந்து நகரத்தின் எல்லர்ஸ்லிப் பகுதியில் கணினி வேலை.

"அண்ணா, ஒரு ஹெல்ப். லீக்கோட வரலாறை எழுதி ஒரு சின்ன புக்கா போடணுமாம். பழைய ஸ்கோர் ஷீட் எல்லாம் உங்ககிட்டதானே இருக்கு?"

இருந்தது. என் கட்டிலுக்கு அடியில், இரண்டு வாழைப்பழப் பெட்டிகளில்.

ஆக்லாந்தில் காலேஜ் என்றால் பதின்ம வயதுப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம். தெற்குப் பக்கத்து நான்கு காலேஜுகளின் பெண்பிள்ளைகள் மனுரேவாவில் ஒரே ஒரு மண்டபத்தில் விளையாடத் தொடங்கியதுதான் அந்த லீக். பிறகு எட்டு காலேஜ் ஆனது, கோப்பை வந்தது, இறுதிப் போட்டியன்று வாசலில் சாசேஜ் சுட்டு விற்கிற அளவுக்குக் கூட்டமும் வந்தது. கடைசியில் பெரிய காலேஜுகள் இரண்டு, நல்ல மண்டபங்கள் உள்ள வேறொரு லீக்குக்குப் போகிறோம் என்று கடிதம் கொடுத்தன. அதைப் பார்த்து இன்னும் இரண்டு போயின. மிச்சமிருந்தவர்கள் ஒரு மாலை கூடி, தேநீர் ஆறுவதற்குள் மூடிவிட்டார்கள். அத்தனை வருடத்தை அவ்வளவு சீக்கிரம் மூட முடியும் என்பதே எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. பெரிய அதிர்ச்சி அதற்குப் பிறகுதான் வந்தது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வவுனியா, சென்னை, கிள்ளானில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டு என்று அலைந்து இங்கே வந்து சேர்ந்தேன். வாரநாளில் மனுரேவாவில் கிடங்கு வேலை, சனிக்கிழமையில் அந்த மண்டபத்தைக் கூட்டித் துடைக்கிற வேலை. ஒரு சனிக்கிழமை ஸ்கோர் எழுதுகிறவர் வரவில்லை. நடுவர் என்னைப் பார்த்து, எண்ணத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். வாசிக்கத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை.

ஆங்கிலப் பெயர்களை நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆட்டம் அதுவரை காத்திருக்காது. அதனால் எனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டேன். உடுப்புக் காயப்போடுகிற கவ்விகள் இரண்டு, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். ஷீட்டில் ஒரு அணியின் பத்திக்குச் சிவப்பு மையில் தலைப்புக் கோடு, மற்றதற்கு நீலம். இடது பக்கக் கூடையில் போடுகிற அணியின் கவ்வி மேசையின் இடது விளிம்பில் இருக்கும், மற்றது வலது விளிம்பில். பந்து விழுந்த பக்கத்துக் கவ்வியைப் பார்ப்பேன், அந்த நிறப் பத்தியில் கோடு இழுப்பேன், போட்ட பிள்ளையின் சட்டை எண்ணைப் பக்கத்தில் எழுதுவேன். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும். கவ்விகளையும் மாற்ற வேண்டும். இந்த முறையை நம்பி அந்த மேசையில் பல வருடங்கள் இருந்துவிட்டேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம் செயலாளர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பெட்டிகளைக் கொட்டினோம். இறுதிப் போட்டிகளில் யார் யார் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்று அவர் பட்டியல் எடுத்துக்கொண்டிருந்தார். நான் ஷீட்களை வரிசைப்படுத்திக் கொடுத்தேன். திடீரென்று பேனாவை வைத்தார்.

"அண்ணா, இந்தப் பெரிய காலேஜ் டீம்ல பதினாலாம் நம்பர் யாரு?"

"பேர்ப் பட்டியல் மேல இருக்குமே."

"அதுல பதினாலே இல்லையே."

குனிந்து பார்த்தேன். பல வருடங்களுக்கு முன், லீக்கை விட்டுப் போன அந்தப் பெரிய காலேஜுகளில் ஒன்று பாபகூரா காலேஜை ஒரு புள்ளியில் வென்ற இறுதிப் போட்டி. பெரிய காலேஜின் பத்தியில், இடைவேளைக்குப் பிந்திய முதல் கோட்டுக்குப் பக்கத்தில் பதினான்கு என்று எழுதியிருந்தது. எழுத்து என்னுடையது. நான் எழுதுகிற நான்கு, கால்கள் மேலே இருக்கக் கவிழ்த்துவைத்த கதிரை மாதிரி இருக்கும். பதினான்காம் எண் பாபகூரா அணியின் தலைவி.

கவ்விகளை மாற்றாமல் அந்தக் கூடையை எழுதியிருக்கிறேன். பாபகூராவின் இரண்டு புள்ளிகள் எதிரணிக்குப் போய்விட்டன. நாற்பத்தொன்றுக்கு நாற்பது என்று முடிந்த ஆட்டம் அது. உண்மையில் பாபகூரா நாற்பத்திரண்டு, பெரிய காலேஜ் முப்பத்தொன்பது. தோற்றுப்போனதாக வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் வென்றவர்கள்.

எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தேன்.

"யாருமே பாக்கலையா அண்ணா?"

பார்க்க வழி இருக்கவில்லை. அன்று ஸ்கோர் காட்டுகிற மின்சாரப் பலகை பழுது. என் ஷீட்டைப் பார்த்து நானே எண் அட்டைகளைப் புரட்டினேன். பாதிக் கூட்டம் இன்னும் சாசேஜ் மேசையில் நின்றது. பாபகூராப் பயிற்சியாளர் மட்டும் வந்து அட்டையைக் காட்டி ஏதோ கேட்டார். நான் ஷீட்டைக் காட்டினேன். எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். நான் எழுதிய ஒன்றை ஒரு மனிதர் அப்படி நம்பியது அதுதான் முதல் தடவை.

"மத்த ஷீட்டையும் பாத்துடலாமா?" என்றார் செயலாளர். எல்லாவற்றையும் பார்த்தோம். வேறு பிழை இல்லை. அது எனக்கு ஆறுதலாக இல்லை.

"ரெஃப்ரி கையெழுத்துப் போட்டுட்டா அவ்ளோதான் அண்ணா, ரிசல்ட்டைத் தொட முடியாது. புக்ல கீழ ஒரு குறிப்பு போடலாம். ஆனா அந்தப் பொண்ணுகிட்ட கேக்காம போட மாட்டேன். கடைசில ரெண்டு ஃப்ரீ த்ரோ மிஸ் பண்ணினது அவதானே?"

அவள்தான். ஆட்டம் முடிய ஒரு சில விநாடிகள் இருக்கும்போது, ஒரு புள்ளி பின்னால் என்று அட்டை காட்ட, தனியாக நின்று இரண்டு தரம் எறிந்தாள். இரண்டும் வளையத்தில் பட்டு வெளியே போயின. அந்த நாளுக்குப் பிறகு அவள் பந்தையே தொடவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். அவள் எங்கே இருக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும். பாபகூராவில் மருந்துக்கடையில் வேலை. எனக்கு மாதாமாதம் பிரஷர் குளிசை எடுத்துத் தருகிறவள் அவள்.

திங்கட்கிழமை வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டுப் பாபகூராவுக்கு ரயில் ஏறினேன்.

"அங்கிள், உங்கட மருந்துக்கு இன்னும் ரெண்டு கிழமை இருக்கே?"

"மருந்துக்கு வரேல்லப் பிள்ளை." ஷீட்டை அவள் முன்னால் விரித்தேன்.

"ஓ மை காட், இதை இன்னும் வச்சிருக்கிறீங்களா? மியூசியத்துக்குக் குடுங்கோ." சிரித்தாள்.

நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றது. பேனாவை எடுத்து இரண்டு பத்திகளையும் மேலிருந்து கீழே எண்ணினாள். பிறகு கீழிருந்து மேலே எண்ணினாள். விரல் அந்தப் பதினான்கில் நின்றது.

"இது லெஃப்ட் ஹாண்டால போட்டது. அந்த சீசன்ல நான் லெஃப்ட்டால போட்டது இது ஒண்டுதான்." பேனாவை மூடிவிட்டு, "அப்ப அந்த ஃப்ரீ த்ரோ ரெண்டும்…"

"தேவைப்பட்டிருக்காது."

"மாசா மாசம் வாறீங்கள். பிரஷர் எப்பிடி அங்கிள் எண்டு நான் கேக்கிறன். உங்களுக்குத் தெரியாதா?"

நேற்றுத்தான் தெரியும் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அன்று கவ்விகளைப் பிந்தி மாற்றியது எனக்கு அன்றே தெரியும், அதற்குள் கூடை எதுவும் விழவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன் என்பதையும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

"எங்கட வீட்டில என்ன நடந்தது எண்டு தெரியுமா? மனுரேவால இருந்து வீடு வரைக்கும் அப்பா கார்ல ஒரு வார்த்தை கதைக்கேல்ல. அடுத்த நாள் கராஜ் சுவரில பூட்டின வளையத்தைக் கழட்டினார். துணிவு இல்லாத பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு எண்டார். இப்பவும் ஆரும் ஸ்போர்ட்ஸ் கதைச்சா அந்தக் கதையைச் சொல்லி ஜோக் அடிப்பார். நானும் சிரிப்பன்."

புத்தகத்தில் குறிப்புப் போடலாமா என்று கேட்டேன்.

"போடுங்கோ. ஆனா முதல்ல அப்பாட்ட சொல்லுங்கோ. இப்ப. இதில நிண்டு."

கடையில் வேறு யாரும் இல்லை. அவளே எண்ணை அழுத்தித் தொலைபேசியை என்னிடம் நீட்டினாள். அந்த மனிதரை நான் கோயில் திருவிழாவில் இரண்டொரு தரம் கண்டிருக்கிறேன். யார் என்று சொன்னதும், "ஓ, ஸ்கோர் எழுதுற ஆள்! என்ன விசேஷம்?" என்று உற்சாகமாகக் கேட்டார்.

சொன்னேன். கவ்வி, பத்தி, பதினான்கு எல்லாவற்றையும். எதிர்முனையில் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

"அப்ப பிள்ளை அதைப் போடாட்டிலும் வெண்டிருக்கும் எண்டு சொல்லுறீங்களோ?"

"ஓம். அதுக்கு முன்னமே வெண்டிட்டினம்."

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"மூண்டு தரம். இப்ப அவவும் எண்ணினவ."

"அவ அங்கயோ நிக்கிறா?"

"எனக்கு முன்னால."

கதவு சாத்துகிற சத்தம் வந்தது. பிறகு, "அவவிட்டக் குடுங்கோ" என்றார்.

கொடுத்தேன். அவள் மருந்துத் தட்டுகளின் பக்கம் திரும்பி நின்று கேட்டாள். அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. வெள்ளைக் கோட்டின் முதுகு மட்டும் அசைந்தது. ஷீட்டை அவளுக்கே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.